பகலிலும் எரிந்த வாசல் விளக்கு

ஜூலை 9

குட்டியின் அப்பாவுக்கு,

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் தீவில் ஆபீஸ் வராந்தாவில் நின்றால்தான் சிக்னல் வரும், அங்கே எப்போதும் பத்துப் பேர் போனும் கையுமாக நிற்பார்கள். நான் கேட்கப்போவதைக் கேட்டதும் நீங்கள் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். இந்தப் பக்கம் குட்டி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன். வாரம் ஒருமுறை கம்பெனிப் படகில் தபால் வருகிறதாமே, வரட்டும்.

கேள்வி ஒன்றுதான். பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு நீங்கள் எதற்காக மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறீர்கள்?

போன வாரம் என்னைத் திட்டினீர்கள். "பகல்லகூட லைட்ட எரிச்சிட்டு உக்காந்திருக்கியா, பில்லு எகிறிக்கிட்டே போகுது" என்றீர்கள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எப்படி என்பதை இப்போது சொல்வதாக இல்லை. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

என் காதில் பூ சுற்றாமல் பதில் எழுதவும்.

குட்டியின் அம்மா


ஜூலை 17

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே நின்று எனக்குச் சைகை கொடுக்கும் கொடிக்காரர் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். கொக்கியில் கல் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படியெல்லாம் எழுதுவதென்றால் உறைக்கு மேலேயே "சாப்பிட்ட பிறகு படிக்கவும்" என்று போட்டுவிடு.

நீலக் கதவும் தெரியாது, பச்சைக் கதவும் தெரியாது. ஐஸ் ஃபேக்டரி பக்கம் நான் போயே பல காலம் ஆகிறது. போன லீவில் நம் வீட்டுக்குத்தான் ஆட்டோ பே போட்டேன். எதற்காகப் போட்டேன் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வெயிலில் பில் கட்டும் வரிசையில் நின்று மயக்கம் போட்டு விழுந்தாய். அங்கிருந்த வாட்ச்மேன் எங்கள் கம்பெனி ஆபீஸுக்குப் போன் செய்தார். நான் கேபினில் இருந்தேன், இறங்கி வருவதற்குள் லைன் கட். உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ராத்திரி வரை பைத்தியம் மாதிரி வராந்தாவில் நடந்தேன். இனிமேல் இவள் எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குக் கிடைத்த பரிசு இந்தக் கடிதம்.

மாதாமாதம் "பணம் செலுத்தப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது, பச்சை டிக்கோடு. நம் வீட்டில் லைட் எரிகிறதா இல்லையா? எரிகிறது. வேறு யார் கட்டுகிறார்களாம்?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கரண்ட் ஆபீஸில் கேட்காமல் உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. பில் தானாகக் கட்டப்படும் வீட்டுக்காரிக்கு அங்கே என்ன வேலை? யார் கூப்பிட்டுப் போனது? யார் சொன்னது? பதில் வேண்டும் எனக்கும்.

குட்டியின் அப்பா


ஜூலை 25

குட்டியின் அப்பாவுக்கு,

வேறு யார் கட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். நான்தான் கட்டுகிறேன்.

நீங்கள் லீவு முடிந்து போன முதல் மாதமே கவுண்ட்டருக்குப் போய் விசாரித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் பணம் போவதும் வருவதும் எனக்கு எப்போதும் பிடிக்காது. "உங்க வீட்டுக்குக் கட்டலையேம்மா" என்றார்கள். சரி, இவருடைய ஆட்டோ பே படுத்துவிட்டது என்று நினைத்துக் கையோடு கட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அப்படித்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் போய் ஃபிரேம் மாட்டிக் கொடுக்கிறேனே, அந்தக் காசு. உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், போனில் அவ்வளவு பெருமை அடித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த லீவில் நேருக்கு நேர் சொல்லி, உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

பிறகு நீங்கள் பில் எகிறுகிறது என்று திட்டினீர்கள். நான் கட்டும் பில் எகிறவே இல்லை. நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூட வராது. அப்படியானால் உங்கள் பணம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கவுண்ட்டரில் உட்காரும் அம்மா எங்கள் கடையில்தான் கண்ணாடி வாங்குவார், மூக்கில் தழும்பு விழாமல் சரிசெய்து கொடுத்தது நான். உங்கள் போன் நம்பரைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "இந்த நம்பர்ல வேற ஒரு வீடு ஓடுதும்மா" என்று மெதுவாகச் சொல்லித் தெருவையும், நீலக் கதவு வீடு என்பதையும் சொன்னார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உங்கள் பதில் வரும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பதிலில் நீங்கள் என்னைக் கேள்வி கேட்டிருந்தீர்கள். உடனே கிளம்பிவிட்டேன்.

எதிரில் ஒரு மருந்துக்கடை. அங்கே இருமல் மருந்து வாங்குவது போல நின்றேன். நல்ல வெயில். அந்த வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. அடுத்தவர் காசு என்றால் சூரியனுக்கே விளக்குப் பிடிக்கலாம் போலிருக்கிறது. ஜன்னலுக்குள் ஒருத்தி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைவிட ஒல்லி.

போய்க் கதவைத் தட்டினேன். கரண்ட் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னேன். பொய்தான், இந்த விஷயத்தில் நான் மட்டும் எதற்கு அரிச்சந்திர வேஷம் போட வேண்டும்?

"பில்லு யாரு கட்டறாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அவரு இல்லையா?"

"வெளியூர்ல வேலை. வர்றதில்ல. ஆனா மாசாமாசம் தவறாம கட்டிடறாரு." சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்தது.

தண்ணீர் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

வெளியூர் வேலை, வருவதில்லை, தவறாமல் கட்டுகிறார். இந்த வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் எழுதிக் கொடுக்கப்போவதாகப் போன மாதம் சொன்னீர்கள். எனக்கும் குட்டிக்கும் வீடு பார்க்க என்று சொன்னீர்கள். எந்த வீடு என்று இப்போது புரிகிறது. செப்டம்பர் லீவுக்கு இங்கே வர வேண்டாம். நீலக் கதவு திறந்துதான் இருக்கிறது, அங்கேயே போங்கள்.


ஆகஸ்ட் 2

குட்டியின் அம்மாவுக்கு,

நீ கையெழுத்துக்கூடப் போடவில்லை. உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன்.

இதோடு என் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது, திருடன் மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டு. இவர்தான் என்று அவள் சொன்னால் நான் இந்தக் கிரேனிலேயே குடியிருந்துவிடுகிறேன். இல்லை என்று சொன்னால் நீ எனக்கு ஒரு நல்ல கடிதம் கடன்பட்டிருக்கிறாய்.

இரண்டு நாளாக யோசித்தேன். எங்கே கோளாறு நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீயும் யோசித்துப் பார். நான் கிளம்பிய அன்று காலை. மீட்டர் வெளிச்சுவரில் உயரத்தில் இருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறி நின்று டார்ச் அடித்து நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் போனைக் கையில் வைத்துக்கொண்டு தட்டியது யார்? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாய், "எனக்கு இந்த எழவே பிடிக்கல" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாய். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இங்கே கீழேயிருந்து கொடிக்காரர் சொன்னால் நான் திருப்பிச் சொல்லாமல் கொக்கியை அசைக்க மாட்டேன். நீ திருப்பிச் சொல்லவில்லை. "வந்துடுச்சு, ஏதோ பேரு காட்டுது" என்றாய்.

"என்ன பேரு?" என்று நான் கேட்டேனா, இல்லை. நாம் இருப்பது வாடகை வீடு, வீட்டு ஓனருடைய அப்பா பெயரில் இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் பெயர் நம் இருவருக்கும் தெரியாது. பச்சை டிக் வந்ததா என்றேன், வந்தது என்றாய். படகுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுகிறாய், ஒரு நம்பர் மாறியது உன் கண்ணில் படவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

இன்றைக்கு ஆபீஸ் வராந்தாவில் நின்று அந்த ஆட்டோ பேயை ரத்து செய்துவிட்டேன். கணக்கப்பிள்ளையைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். ஒரு அழுத்து, போயே போய்விட்டது. வைப்பதற்கு எத்தனை கேள்வி கேட்டது, எடுப்பதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி அவள் வீட்டு விளக்கை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டோவைக் காட்டு. சீக்கிரம் எழுது.

நான்தான்


ஆகஸ்ட் 10

என்னங்க,

போட்டோவைக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவரு? காணாமப் போயிட்டாரா?" என்று கேட்டாள். அவ்வளவு அக்கறையாகக் கேட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

தட்டியது நான்தான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் காலை அப்படியே ஞாபகம் வந்தது, சோப்பு நுரைகூட. இதைப் பற்றி இனிமேல் நீங்கள் ஆயுளுக்கும் கிண்டல் செய்வீர்கள் என்று தெரியும். செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை.

அவள் என்னை உட்கார வைத்தாள். ஹோட்டல்களுக்குத் தலையணை உறை தைக்கிறாள், அறை முழுக்க வெள்ளைத் துணி. கரண்ட் ஆபீஸ்காரி என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். ஆபீஸ்காரி எதற்குப் போட்டோவோடு வந்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. பேச ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறாள்.

அவள் புருஷன் லாரி மெக்கானிக். போன வருஷக் கடைசியில் ஏதோ சண்டையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர், போனவர்தான். போன் இல்லை, கடிதம் இல்லை. இவளுக்கு வீம்பு, தேடிப் போகவில்லை. அந்த மாதம் பில் கட்டப் போனால், கட்டியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். கவுண்ட்டரில் ஒரு அம்மா "உங்க வீட்டுக்காரர் ஆட்டோ பே போட்டிருப்பாரும்மா" என்றிருக்கிறார். அன்றைக்குத்தான் தூங்கினேன் என்றாள்.

"கோவம் போகல, ஆனா நம்மள விடலன்னு தெரிஞ்சுதுங்க" என்றாள்.

வாசல் விளக்கை ஏன் பகலிலும் எரிய விடுகிறீர்கள் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். "பில்லு கூடுதலா வந்தா அவருக்குத் தெரியுமில்ல? நான் இங்கதான் இருக்கேன், கதவு அடைக்கலன்னு. ஒரு மாசம் ரொம்ப ஏத்தி விட்டேன், ஹீட்டர்கூடப் போட்டேன். அதையும் கட்டிட்டாரு."

அதை நீங்கள் கட்டினீர்கள். கட்டிவிட்டு என்னைத் திட்டினீர்கள்.

அது நீங்கள் கட்டிய பணம் என்று அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். நீங்கள் ரத்து செய்துவிட்டதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதம் பில் கட்டப்படாமல் நிற்கும். அவள் என்ன நினைப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. திரும்பப் போட முடியுமா? நான் ஞாயிற்றுக்கிழமைக் காசில் தருகிறேன். இல்லாவிட்டால் நானே கவுண்ட்டரில் அவளுக்கும் சேர்த்துக் கட்டிவிடட்டுமா?

நீங்கள் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். முழுதாக இல்லை, கொஞ்சம். நீங்கள் இவ்வளவு தூரத்தில் இருந்தால் சந்தேகம்தான் துணைக்கு இருக்கிறது.

குட்டியின் அம்மா


ஆகஸ்ட் 18

அன்புள்ள சந்தேகத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். திரும்பப் போட முடியும். பழைய நம்பர் இன்னும் இருந்தது, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு நின்றேன். பணம் பெரிய விஷயம் இல்லை என்று உன்னிடம் பெருந்தன்மையாக எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

அழுத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அந்த மெக்கானிக் பைக்கில் போயிருக்கிறான். வழியில் எங்கேயாவது அடிபட்டு ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் கிடந்திருக்கலாம். வேறு ஒருத்தியோடு நன்றாகவும் இருக்கலாம். என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெண் புருஷனை இத்தனை மாதம் தேடாமல், போலீஸில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஏன்? என் பச்சை டிக்கைப் பார்த்துக்கொண்டு. நல்லது செய்கிறோம் என்று நினைக்கிறாய். நாம் கட்டக் கட்ட அவள் தேட மாட்டாள்.

இங்கே கல் தொங்கும்போது கயிறு நைந்திருப்பது தெரிந்தால் உடனே கத்த வேண்டும். கீழே இருப்பவன் பயப்படுவானே என்று பார்க்கக் கூடாது.

போய்ச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். என்னையும் சேர்த்துத் திட்டச் சொல்.

குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 27

என்னங்க,

சொல்லிவிட்டேன்.

நான் போனபோது கதவு திறந்தே இருந்தது. தைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பில் கட்டவில்லை, சீக்கிரம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று மெசேஜ் வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "அவருக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. ஒரு மாசம்கூடத் தவறினதில்ல" என்றாள். நான் கரண்ட் ஆபீஸ் இல்லை என்பதில் ஆரம்பித்து, ஈரக் கைவரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் சொல்லி முடிக்க மாட்டேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் எரிச்ச லைட்ட யாருமே பாக்கலையா?"

நான் பார்த்தேன் என்று சொல்லலாம், மருந்துக்கடையில் நின்று, வயிற்றெரிச்சலோடு. அதை எப்படிச் சொல்வது?

எழுந்து போய் வாசல் விளக்கை அணைக்கப் பார்த்தாள். ஸ்விட்ச் இறுகிப் போயிருந்தது. இத்தனை மாதம் யாரும் அதைத் தொடவில்லை அல்லவா. இரண்டு கையாலும் அழுத்தினாள், நானும் சேர்ந்து அழுத்தினேன். அணைந்தது. பிறகுதான் அழுதாள்.

மறுநாள் அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இத்தனை மாதமாக ஏன் வரவில்லை என்று அந்த அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அவள் புருஷன் வேலை பார்த்த லாரி ஷெட்டில் விசாரிக்கிறார்களாம். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவளைப் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்போது நம் விஷயம். வீட்டுச் செலவுக்கு நீங்கள் முதல் தேதி பணம் அனுப்புகிறீர்கள். கடையில் வேலையாக இருக்கும்போது போனில் டொய்ங் என்று வரும். ஆ, அவர் அனுப்பிவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று நான் நிம்மதியாக அடுத்த ஃபிரேமை எடுப்பேன். நேற்று ராத்திரி திடீரென்று உறைத்தது. அதையும் நீங்கள் ஆட்டோ பேயில்தானே போட்டிருக்கிறீர்கள்? நீங்கள் அனுப்புவதே இல்லை. அதுவாக வருகிறது. நீங்கள் அந்தக் கிரேனிலிருந்து விழுந்தாலும் வரும். என்னை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வரும். கணக்கில் காசு இருக்கும்வரை நானும் வாசலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதை நிறுத்துங்கள். கையால் அனுப்புங்கள், மாதாமாதம், நீங்களே. தாமதமாகட்டும், மறந்துபோகட்டும், நான் போன் செய்து கத்துகிறேன். கத்துவதற்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். கரண்ட் பில்லை நான் வரிசையில் நின்றே கட்டிக்கொள்கிறேன், குடை எடுத்துப் போகிறேன், பயப்பட வேண்டாம்.

செப்டம்பரில் வாருங்கள். இன்னும் ஒரு வருஷம் எழுதிக் கொடுக்கும் பேச்சை நேரில் பேசலாம்.

உங்கள் மனைவி


செப்டம்பர் 4

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் முப்பத்தொன்றாம் தேதிப் படகில் வந்தது. அன்றைக்கே அந்த ஆட்டோ பேயை நிறுத்திவிட்டேன். முதல் தேதி கையால் அனுப்ப வேண்டும் என்று நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன். காலையில் ஷிஃப்ட், அப்புறம் காற்று எழும்பிவிட்டது, கொக்கியைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று, சாப்பிட்டேன், படுத்தேன், மறந்தேபோனேன்.

இரண்டாம் தேதி மத்தியானம் மேலே கேபினில் உட்கார்ந்திருந்தபோது நினைப்பு வந்தது. நீ முதல் தேதி முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய் என்று தோன்றியது. இறங்க அனுமதி கேட்டேன். என்ன அவசரம் என்று கொடிக்காரர் கையைக் காட்டினார். அதற்கு எங்களிடம் சைகை கிடையாது. சும்மா இறங்கி ஓடினேன்.

வராந்தாவுக்குப் போனால் உன்னிடமிருந்து பதினோரு தவறிய அழைப்பு. பணத்தை அனுப்பிவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ "எங்க போய்த் தொலைஞ்சீங்க" என்று ஆரம்பித்தாய், நிறுத்தவே இல்லை. கணக்கப்பிள்ளைக்குக்கூடக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வைக்கவில்லை, கவனித்தாயா?

பதினான்காம் தேதிப் படகில் வருகிறேன். வாசல் விளக்கைப் போட்டு வைக்காதே. நான் கதவைத் தட்டுகிறேன்.

குட்டியின் அப்பா